நூற்றுப் பன்னிரண்டு சுருள் புல்

என் அத்தானிடம் அளக்கிற டேப்பை நீட்டிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறதென்று தெரியும். ஏதோ அவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். ஆள் பெயிண்டர். முப்பத்தொரு வருஷமாகச் சுவர் பூசுகிறவர். சுவர் ஓரமாக ஒரு தரம் நடப்பார், விரலால் இரண்டு தட்டு தட்டுவார், மேலே பார்த்து வாய்க்குள் முணுமுணுப்பார். நீளத்தை உயரத்தால் பெருக்கி, கதவு ஜன்னலைக் கழித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுகிற ரெண்டு கோட்டுக்கும் சேர்த்துக் கணக்கை முடித்து, "பதினாலு லிட்டர்" என்பார். பதினாலு லிட்டர்தான் ஆகும். கடைசி டப்பாவின் அடியில் ஒரு கை பெயிண்ட் மிஞ்சிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் எல்லோரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்கா பஸ் கண்டக்டர். இருபத்தெட்டு வருஷம், ஓடுகிற பஸ்ஸில், நின்றபடி. ஏறுகிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். எத்தனை தலை, யார் டிக்கெட் எடுக்கவில்லை, யார் எடுக்காமலே நழுவப் பார்க்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் சுவரை அளக்கிறவர், இவள் ஆளை அளக்கிறவள். இரண்டும் சேர்ந்ததே ஒரு கூத்து. பஸ் டிப்போவில் அத்தான் தரையில் மஞ்சள் கோடு அடித்துக்கொண்டிருந்தார். இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஈரக் கோட்டின் மேலேயே விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். "ஏம்மா, ஈரம், ஈரம்! மிதிக்காதே!" என்று அவர் கத்த, "முன்னாடியே சொல்றதுக்கென்ன, வாயில பிரஷ்ஷா?" என்று இவள் திருப்பிக் கத்த, சண்டை மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் அவர் இவளுடைய பஸ்ஸில் ஏறி, போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லாமலே, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டார். அந்த மஞ்சள் கோட்டில் அவளுடைய ஆறு காலடித் தடமும் ரொம்ப நாள் இருந்தது. மேலே பூசச் சொல்லி டிப்போ மேனேஜர் எத்தனையோ தரம் சொல்லியும் அத்தான் பூசவே இல்லை.

ஆடுகிற தரையில் இருபத்தெட்டு வருஷம் நின்றால் முட்டி என்ன ஆகும்? தேய்ந்து போயிற்று. இந்த வருஷம் இரண்டு முட்டியையும் மாற்றிவிட்டார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிறகு பயிற்சி நிலையத்தில் தங்கவைத்து நடக்கப் பழக்கினார்கள், அதுவும் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம், அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த வராந்தாவில் லேசாக வழுக்கிவிட்டாள். விழக்கூட இல்லை. பிசியோக்காரர் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தரையில் காலை வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சக்கர நாற்காலியே கதி.

"கால்ல ஒண்ணுமே இல்ல. மனசுலதான்," என்று பிசியோக்காரர் என்னையும் அத்தானையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம் இப்படியே உக்காந்திருந்தா முட்டி இறுகிடும். அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எப்படியாவது நடக்க வைங்க."

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். அழுதுவிடுவேனோ என்று பயந்து நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அக்காவிடம் போய்க் கெஞ்சினோம். "புல்லு போட்டு வைங்க," என்றாள். "புல்லுல வேணா நடந்து பாக்கறேன். இந்த வழுக்கற தரையில சாமியே வந்து கூப்பிட்டாலும் நடக்க மாட்டேன்." அவளுக்கு அது பழைய ஆசை. ஆடாத தரையில், மெத்தென்ற தரையில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்க வேண்டும் என்பாள். அதுவரைக்கும் நாலாவது மாடியில் இருந்துகொண்டு புல்லுக்கு எங்கே போவது? ஆபரேஷனுக்கு முந்தின மாதம்தான் ஒரு சந்தின் கடைசியில் சின்னதாக ஒரு தனி வீட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டு முன்னால் காலி மண், ஒரு மரம், ஒரு குழாயடி. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அத்தான் அந்த மண்ணை அளக்க இறங்கினார். நான் டேப்போடு போனேன்.

"மச்சினி, அதை உன் கடைக்கே எடுத்துட்டுப் போ," என்றார். "யாருக்காவது மூக்கு அளக்க ஆகும்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையில் பவர் கால் பாயிண்ட் தப்பினாலும் ஊருக்கே தலைவலி. அதைச் சொன்னால் அவருக்கு ஏறுமா? மண் ஓரமாக ஒரு தரம் நடந்தார். குனிந்து தரையை விரலால் தட்டினார். தரையைப் போய்த் தட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. மரத்தையும் குழாயடியையும் கையைக் காட்டிக் கழித்தார். வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு புல் பண்ணைக்குப் போன் போட்டு, "நூத்திப் பன்னெண்டு சுருள்" என்றார். இந்தப் புல் மண்ணோடு வெட்டிப் பாய் மாதிரிச் சுருட்டி வருவது. ஒரு சுருள் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். விரித்து அழுத்தித் தண்ணீர் விட்டால் புல்தரை தயார். நானும் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. ஒரு கை பெயிண்ட் மிச்சம் வைக்காத மனுஷனைச் சந்தேகப்பட எனக்கே வாய் வரவில்லை. என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா டாக்சியில் வருவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்குப் புல் லாரி வந்தது. வந்தது சந்து முனை வரைக்கும்தான். தண்ணீர்க் குழாய் போடுகிறோம் என்று முந்தின வாரம் சந்து முழுக்கத் தோண்டி, மூடி, மேலே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் சைக்கிள்கூடப் போகாது. லாரிக்காரர் முனையிலேயே எல்லாவற்றையும் இறக்கிக் குவித்தார்.

"இன்னிக்கே விரிச்சிடணும்," என்றார். "சுருட்டியே வச்சா உள்ள சூடேறி மஞ்சளாயிடும். விரிச்சப்புறம் ரெண்டு வாரத்துக்கு யாரும் மிதிக்கக் கூடாது."

"மிதிக்கறதுக்குத்தானேய்யா வாங்கறோம்!" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அத்தானோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். ஒருவர் ஏணி. ஏணி இல்லாமலே கூரையைத் தொடுகிற உயரம். இன்னொருவர் டப்பா. அவருக்குப் பேர்க்காரணம் சொல்லத் தேவையில்லை. சுருள் ஒவ்வொன்றும் பிணக்கனம். ஜல்லியில் தடுக்கித் தடுக்கித் தோளில் சுமந்து வந்தார்கள். பெயிண்டர்கள் பெயிண்டர்கள்தான். வீட்டுச் சுவர் ஓரத்தில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து கேட்டை நோக்கி வந்தார்கள். மூலையில் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். ஏணி பழக்கதோஷத்தில் சுவர் ஓரம் முழுக்க ஒட்டு டேப் ஒட்டிவிட்டார், புல் சுவரில் பட்டுவிடுமாம்! நான் சிரித்துச் சிரித்துக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு டப்பா கடைசித் துண்டைக் கேட் ஓரத்தில் அமுக்கினார். பச்சைப் பசேலென்று கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அத்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எப்படி?" என்பது மாதிரி என்னைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்து சந்து முனையைப் பார்த்தேன். அங்கே, இறக்கின குவியலில் பாதி அப்படியே கிடந்தது.

"அத்தான், அது என்ன?"

"புல்லு."

"அது எனக்கும் தெரியுது. எதுக்கு?"

அவர் போய் எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தாறு. திரும்பி வந்து தரையை எண்ணினார். அதுவும் ஐம்பத்தாறு. மறுபடி ஓரமாக நடந்து, குனிந்து தட்டி, முணுமுணுத்து, "நூத்திப் பன்னெண்டுதானே வருது?" என்றார். எனக்கு வந்ததே கோபம். டேப்பை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே பிடித்தேன். முப்பதடிக்கு இருபதடி, அறுநூறு. மரமும் குழாயடியும் நாற்பது போக, ஐந்நூற்று அறுபது. சுருளுக்குப் பத்துச் சதுர அடி. ஐம்பத்தாறு சுருள். என் கடைப் பூனை கூடப் போட்டுவிடும் இந்தக் கணக்கை. புல் பண்ணைக்குப் போன் போட்டால், "வெட்டின புல்லைத் திருப்பி ஒட்ட முடியாதும்மா," என்று வைத்துவிட்டார்கள்.

அத்தான் சந்து முனைக்குப் போய் அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எப்படி மச்சினி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல. அளவும் போயிடுச்சுன்னா நான் வேற எதுக்கு ஆவேன்?" திட்டலாம் என்றுதான் போனேன். பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"சந்துல ஜல்லி கொட்டியிருக்காமே? டாக்சி உள்ள வராதாமே? நாற்காலில வச்சு ரெண்டு பேர் தூக்கிட்டு வரப்போறீங்களாமே?"

அத்தான் முந்தின நாள் போனில் உளறியிருக்கிறார். ஏற்பாடு அதுதான். ஏணியும் டப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம். சக்கர நாற்காலி அந்த ஜல்லியில் நகரவே நகராது.

"அக்கா, அது வந்து..."

"இங்க பாருடி. ஊரையே ஏத்தி இறக்கினவ நான். என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு வர்றதா இருந்தா, சந்து முனையிலேயே டாக்சியைத் திருப்பச் சொல்லிடுவேன். இங்கயே கிடக்கறேன். புல்லாவது ஒண்ணாவது." போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னால் செய்வாள். திரும்பிப் போனால் அந்த நாற்காலிதான், அந்த ஒரு வாரம்தான். அப்புறம் முட்டி இறுகிவிடும். புல் தயார், அக்கா தயார், நடுவில் ஒரு சந்து. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

முனைவீட்டு டீச்சர் வேறு வெளியே வந்து, "என் ஸ்கூட்டியை எடுக்க முடியல. இதை எப்ப எடுப்பீங்க?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதோ எடுக்கறேன்!" என்று கத்திக்கொண்டே ஒரு சுருளை விட்டேன் ஓர் உதை. அது உருண்டு, விரிந்து, ஜல்லியின் மேல் ஐந்தடிக்கு அழகாகப் படுத்துக்கொண்டது.

எனக்குக் கால் வலி உயிர் போயிற்று. நொண்டிக்கொண்டே போய் அதன் மேல் நின்றேன். குத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மெத்தென்று, ஜில்லென்று இருந்தது. இரண்டு தரம் குதித்துப் பார்த்தேன். டீச்சர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்.

"அத்தான்! எழுந்திரிங்க! இந்தச் சந்து எவ்வளவு நீளம்?"

அவர் என்னைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்தார். சுவர் ஓரமாக இரண்டடி நடந்தவர் சட்டென்று நின்றார். திரும்பி வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"அந்த டேப்பைக் குடு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

சந்து நூற்று முப்பதடி. இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நாலடி அகலம், அக்காவும் அவளுடைய வாக்கரும் கூட ஓர் ஆளும் தாராளமாக வரலாம். வரிசைக்கு இரண்டாக இருபத்தாறு வரிசை, ஐம்பத்திரண்டு சுருள். மீதி நாலு. வீட்டு வாசலில் மூன்று படி, படிக்கு ஒன்று. டாக்சிக் கதவுக்கு நேராக ஒன்று. "மிச்சம்?" என்று அத்தான் என்னைக் கேட்டார். "ஒண்ணுமே இல்ல!" என்றேன். அவர் என் தலையில் தட்டிவிட்டு ஓடினார், ஐம்பத்தேழு வயசில், ஜல்லியில், வேட்டைநாய் மாதிரி.

அப்புறம் நடந்தது வேலையா, விளையாட்டா என்று தெரியவில்லை. ஏணி ஜல்லியை வாரிச் சமம் செய்ய, டப்பா விரிக்க, சாரம் கட்டுகிற பலகையை மேலே போட்டு நான் ஏறிக் குதித்து அமுக்க, அத்தான் முன்னாலும் பின்னாலும் ஓடி, "இழு, இழு, இடைவெளி விடாதே, ஜாயிண்ட் தெரியக் கூடாது!" என்று கத்த, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் எட்டிப் பார்த்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர் மண்வெட்டி கொண்டுவந்தார். இன்னொருவர் வாளி வாளியாகத் தண்ணீர். ஸ்கூட்டிக்குச் சண்டை போட்ட டீச்சர் தன் வீட்டுக் குழாயில் ஹோஸைச் சொருகி, புல்லையும் டப்பாவையும் சேர்த்தே நனைத்தார். டப்பா அலற அலற விடவில்லை. மூன்றே முக்காலுக்குக் கடைசிச் சுருளைச் சந்து முனையில் விரித்தோம். என் மூக்கு வரைக்கும் சேறு.

நாலு மணிக்கு டாக்சி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அட்ரஸ் இதுதானா?" என்று கேட்டார்.

பின்சீட்டில் அக்கா. சண்டைக்குத் தயாராக உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தவள், கதவைத் திறந்ததும் அப்படியே இருந்துவிட்டாள். அவள் காலடியில் தொடங்கி வீட்டு வாசல் வரைக்கும் சந்தில் பச்சை. அவள் கண் முனையிலிருந்து கேட் வரைக்கும் ஓடித் திரும்பியது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். தலை எண்ணுகிற கண்.

"மொத்தம் எத்தனை சுருள் வாங்கினீங்க?"

"நூத்திப் பன்னெண்டு," என்றார் அத்தான், டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"வீட்டு முன்னாடி எத்தனை?"

"அம்பத்தாறு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க," என்றாள். "தரைக்கும் ரெண்டு கோட்டு போட்டுட்டீங்களா?"

அத்தானுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அட!" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி! ரெண்டு கோட்டு! கை தானா ரெண்டால பெருக்கிடுச்சு!" என்று கத்தினார். டப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏணி சுவரில் சாய்ந்துகொண்டார். டீச்சர் ஹோஸைக் கையில் பிடித்தபடி சிரித்ததில் டாக்சி டிரைவர் நனைந்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். ஐந்து வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே திரும்பி இரண்டு காலையும் வெளியே போட்டுவிட்டாள்.

பிறகுதான் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கை கதவை இறுக்கிப் பிடித்தது. விரல் நுனி வெளுத்துப் போனது எனக்குத் தெரிந்தது.

அத்தான் போய் அவள் முன்னால் வாக்கரை வைத்தார். "ஈரமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இந்தத் தடவை மிதிக்கலாம். மிதி. நல்லா மிதி."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் செருப்பைக் கழற்றினாள். கால் விரலால் புல்லை அமுக்கிப் பார்த்தாள், ஒரு தரம், இன்னொரு தரம். வாக்கரைப் பிடித்தாள், எழுந்தாள், நின்றாள். அப்புறம், பஸ்ஸின் பின்படியில் நின்று கொடுப்பாளே அதே குரலில், சந்தே அதிரக் கொடுத்தாள்:

"போலாம் ரைட்!"

நூற்று முப்பதடிக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. எல்லா வாசலிலும் ஸ்டாப்பிங். "டீச்சர் வீடு! இறங்கறவங்க இறங்கலாம்!" என்பாள், நின்று மூச்சு வாங்குவாள், "ஏறியாச்சா? ரைட்!" என்பாள், மறுபடி நடப்பாள். பின்னால் பயணிகள் மாதிரி சந்து முழுக்க ஒரு கூட்டம். படிக்கட்டில் தொங்காதே என்று டப்பாவுக்குத் திட்டு விழுந்தது. அவள் போன வழியில் ஈரப் புல் அமுங்கிக் காலடித் தடம் வரிசையாகத் தெரிந்தது. ஏணி பலகையை எடுத்துக்கொண்டு அதைச் சமம் செய்யக் குனிந்தார். "கைய வச்சே, தொலைச்சிடுவேன்," என்றார் அத்தான்.

கேட்டைத் தாண்டி, வீட்டு முன்னால் அந்த முப்பதுக்கு இருபதின் நடுவில் போய் அக்கா நின்றாள். வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ஆடவே இல்லடி," என்றாள் என்னிடம். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. எனக்கும்தான். அத்தான் வாசல் படிப் பக்கம் கையைக் காட்டி, "போதும், உள்ள வந்து உக்காரு," என்றார்.

அக்கா படியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சந்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னொரு ட்ரிப் அடிப்போமா?"

அத்தான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.